வெர்னியரில் அளந்த மாம்பழம்

எங்கள் வீட்டில் மாம்பழத்தை வெர்னியர் வைத்து அளந்திருக்கிறார்கள். சொன்னால் யாரும் நம்புவதில்லை. இரும்புத் தகட்டின் கனத்தை மயிரிழை சுத்தமாகச் சொல்லும் கருவி அது. பட்டறையிலும் கம்பெனியிலும் இருக்கவேண்டியது, ஒரு கோடைக்காலம் முழுக்க எங்கள் சமையல் மேடையில் கரண்டிகளோடு கரண்டியாகத் தொங்கியது. அளந்தவர் என் அப்பா. அளக்கப்பட்டது வெயிலில் காயவைத்த மாம்பழத் தகடு. அதை அவர் ‘ஷீட்’ என்றுதான் சொல்லுவார்.

அப்போது நாங்கள் மண்ணூரில் இருந்தோம். நான் நாலாம் வகுப்பு முடித்திருந்தேன். அப்பாவுக்கு ஒரகடத்தில் காருக்கு உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் குவாலிட்டி செக்கர் வேலை. லைனின் கடைசியில் நின்று, வருகிற ஒவ்வொரு துண்டையும் எடுத்துத் திருப்பிப் பார்த்து, போகலாம் அல்லது கூடாது என்று சொல்ல வேண்டும். அவர் கூடாது என்றுவிட்டால் மேனேஜரே வந்து தலைகீழாக நின்றாலும் கூடாதுதான். வீட்டிலும் அவருக்கு அதே கண். எனக்குச் சடை பின்னிவிட்டால் இரண்டு பக்கமும் ஒரே நீளம் இருக்கிறதா என்று என் ஸ்கேலை எடுத்து வைத்துப் பார்ப்பார். அம்மா ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் இருந்தாள். அவளுக்குப் பெரும்பாலும் ராத்திரி ஷிஃப்ட். சாயங்காலம் கம்பெனி பஸ் ஏறினால் காலையில்தான் இறங்குவாள்.

அந்த வருஷம் எனக்கு லீவு விட்ட கையோடு அப்பாவும் வீட்டில் இருக்க ஆரம்பித்தார். அவருடைய லைனை எடுத்துவிட்டார்கள் என்று அம்மா சொன்னாள். எடுத்து எங்கே வைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. பள்ளிக்கூடம் மாதிரியே கம்பெனியும் அப்பாவுக்குக் கோடை விடுமுறை விட்டிருக்கிறது என்று நானே முடிவுகட்டி, தெருப் பிள்ளைகள் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். முதல் வாரத்தில் ஆடின ஃபேன், ஒழுகின குழாய், கிரீச்சிட்ட கதவு எல்லாவற்றையும் அவர் சரிசெய்துவிட்டார். அதற்குப் பிறகு சரிசெய்ய ஒன்றும் மிச்சமில்லை. ஆடாத ஃபேனைப் பார்த்தபடி படுத்துக் கிடந்தார்.

பிறகுதான் குஜராத் பேச்சு வந்தது. அங்கே இதே வேலை இருக்கிறது, ஆள் கேட்கிறார்கள் என்று ஒரு ஏஜென்ட் அப்பாவுக்குப் போன் செய்துகொண்டிருந்தான். போனால் தீபாவளிக்குத் தீபாவளிதான் வரமுடியும். அம்மா வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. இங்கே ஒன்றும் அமையாவிட்டால் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் கிளம்பிவிடுவதாக அப்பா சொன்னார். நான் என் பாடப்புத்தகத்தில் இந்தியப் படத்தைப் பிரித்துப் பார்த்தேன். மண்ணூர் அதில் இல்லவே இல்லை. குஜராத் இன்னொரு கடலோரத்தில் இருந்தது. அப்பா அங்கே போகக்கூடாது என்று அந்த நிமிஷமே தீர்மானம் போட்டேன். என் தீர்மானத்தை யாரும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

இங்கே அமைகிற மாதிரி வந்தது மாங்காய்தான். எங்கள் தெருவிலேயே கம்பெனிப் பெண்கள் தங்குகிற ஹாஸ்டல் ஒன்று இருந்தது. திருநெல்வேலி, தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கத்துப் பெண்கள். விடியற்காலை ஷிஃப்டுக்குப் போய், மத்தியானம் மூன்று மணி வாக்கில் பஸ்ஸை விட்டு இறங்கினால் நேரே முனைக்கடை பஜ்ஜிக்குத்தான் போவார்கள். அந்த வெயிலில் அந்த எண்ணெய் வயிற்றைச் சும்மா விடுமா? மறுநாள் இவளுக்கு வயிற்றுவலி, அவளுக்கு வாந்தி என்று லீவு போடுவார்கள். கம்பெனிக்காரர்கள் ஹாஸ்டலைக் கண்டித்தார்கள். எண்ணெயும் சர்க்கரையும் இல்லாமல், வீட்டுப் பக்குவத்தில் சாயங்காலத் தீனி கொடுக்க ஆள் தேடுவதாக வார்டன் என் அம்மாவிடம் சொன்னாள். வார்டன் பென்னலூர்க்காரி, கறாரான மனுஷி.

அம்மா யோசிக்கவே இல்லை. மாங்காய் சீசனில் என்ன கவலை, நாங்களே செய்கிறோம் என்று நின்ற இடத்திலேயே அடுக்கிவிட்டாள். நன்றாகப் பழுத்த பழத்தைக் கூழாக்கி, தட்டில் தடவிக் காயவைத்து, மேலே மேலே தடவி எடுத்த தகடு. சர்க்கரை வேண்டாம், பழத்தின் இனிப்பே போதும். கிளிமூக்கு மாங்காயை நீள நீளமாக அரிந்து உப்பு, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள் பிசறிக் காயவைத்த கீற்று. கேழ்வரகு மாவை வாசனை வர வறுத்து, வேர்க்கடலைப் பொடியும் கொஞ்சம் பனைவெல்லமும் சேர்த்து, மாம்பழக் கூழை ஊற்றிப் பிடித்த உருண்டை. வெயில் தாங்காத நாளில், மாங்காயை வேகவைத்து மசித்து வெல்லமும் சீரகமும் போட்ட பானகம். வார்டன் எச்சில் விழுங்கிக்கொண்டே, ஒரு வாரத்துக்குள் கொண்டுவந்து காட்டுங்கள், பிள்ளைகளுக்குப் பிடித்தால் வருஷம் முழுக்க உங்களுக்குத்தான் என்றாள். மாங்காய் முடிந்தால் அடுத்த சீசனில் வேறு ஏதாவது செய்துகொள்ளலாம். இது அமைந்தால் அப்பா குஜராத் போக வேண்டாம் என்று எனக்கே புரிந்தது.

முதல் தவணைத் தட்டுகளை மாடியில் பரப்பிவிட்டு, வெயிலில் திருப்பிப் போடுவதை மட்டும் பார்த்துக்கொள்ளும்படி அப்பாவிடம் சொல்லிவிட்டு அம்மா ஷிஃப்டுக்குப் போனாள். அந்த ‘மட்டும்’ ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. மறுநாள் காலையில் அம்மா வந்து பார்த்தபோது சமையலறை முழுவதும் அப்பாவின் கட்டுப்பாட்டுக்குள் வந்திருந்தது. அவர் தலையில் அம்மாவின் பழைய கம்பெனிக் குல்லாய், கையில் உறை. எனக்கும் ஒரு குல்லாய் போட்டிருந்தார், அது கண்ணை மறைத்துக்கொண்டு மூக்குவரைக்கும் வந்தது. படுத்துக் கிடந்த மனிதர் எழுந்தாரே, அதுவே போதும் என்று அம்மா பல் தேய்க்கப் போனாள்.

பழம் வாங்குவதிலிருந்தே அப்பாவின் செக்கிங் ஆரம்பித்துவிடும். அம்மாவின் தம்பி, என் மாமா, படப்பைக்கும் ஒரகடத்துக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டினார். அவர்தான் படப்பை மார்க்கெட்டிலிருந்து கூடை கூடையாகக் கொண்டுவந்து இறக்குவார். அப்பா ஒவ்வொரு பழமாக எடுத்து, காம்பை முகர்ந்து, தோலைத் தடவி, கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைத்தது என்று சந்தேகம் வந்தால் தனியே ஒதுக்குவார். பாதிக் கூடை திரும்ப ஆட்டோ ஏறும். ஒருநாள் மாமா பொறுக்கமுடியாமல் கேட்டேவிட்டார்.

“இன்னா மாமா, எங்க அக்காவையே ஒருவாட்டிதான் பாத்துட்டு சரின்ன. மாம்பயத்த இத்தினிவாட்டி பாக்குற.”

அப்பா சிரிக்கவில்லை. இன்னொரு பழத்தை எடுத்து முகர்ந்தார்.

பழத்தைத் தோல் சீவிப் பிசைந்து, நார் தங்கும்படி சல்லடையில் வடிகட்டி, துளி உப்பும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து, நெய் தடவின எவர்சில்வர் தட்டில் ஊற்றுவார். ஊற்றிவிட்டுத் தட்டை இப்படியும் அப்படியும் சாய்த்துச் சமன் பார்ப்பார். மாடியில் வெயில் கொளுத்தும். மெயின்ரோட்டில் போகிற டிரெய்லர் லாரிகள் கிளப்புகிற புழுதி எங்கள் மாடிவரைக்கும் வரும் என்பதால் தட்டுகளின்மேல் வெள்ளை வேட்டி கட்டியிருந்தோம். வேட்டி சாயங்காலத்துக்குள் காவியாகிவிடும். காக்காய் ஓட்டுவது என் உத்தியோகம். குடையைப் பிடித்துக்கொண்டு கையில் கம்போடு உட்கார்ந்திருப்பேன், பெரிய அதிகாரி என்று நினைப்பு.

தகடு காய்ந்து உரிந்து வந்ததும் வெர்னியர் இறங்கும். நாலு மூலையிலும் நடுவிலும் அளந்து பார்ப்பார். ஒரு மூலை கனம் கூடினால் போச்சு. ஓரம் கறுத்திருந்தால் போச்சு. கீற்று வளைந்திருந்தால், ஒரு பக்கம் மிளகாய்த்தூள் திட்டாக ஒட்டியிருந்தால், உருண்டை லேசாகச் சப்பையாக இருந்தால், எல்லாம் போச்சு. பழத்துக்குப் பழம் ருசி மாறும் என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். மாறக்கூடாது என்றார் அப்பா. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அதை நான் நேரில் பார்த்தது அப்போதுதான்.

இதற்காகவே கடைக்குப் போய் இரண்டு பெரிய பிளாஸ்டிக் டப்பாக்கள் வாங்கிவந்திருந்தார். பச்சை டப்பா, தேறியதற்கு. சிவப்பு டப்பா, தேறாததற்கு. கம்பெனியில் சந்தேகத்துக்கு என்று மஞ்சள் டப்பா ஒன்றும் உண்டாம். சாப்பிடுகிற பொருளில் சந்தேகம் என்றாலே ரிஜெக்ட்தான், மஞ்சள் எதற்கு என்று அவர் அதை வாங்கவில்லை. தூசி விழுந்தது, ஈரம் தங்கியது எல்லாம் நேரே குப்பைக்குப் போய்விடும். சிவப்பு டப்பாவுக்குப் போனவை வாய்க்கு ஒரு குறையும் இல்லாதவை. அளவில் தோற்றவை, அவ்வளவுதான்.

சிவப்பு டப்பா எனக்கும் மாமாவுக்கும் பாத்தியப்பட்டது. ஆட்டோ சவாரிக்கு நடுவில் வந்து மாமா ஒரு கை அள்ளிக்கொண்டு போவார். நான் காக்காய் ஓட்டிக்கொண்டே மென்றுகொண்டிருப்பேன். ஒரு கீற்று நாக்கைச் சுண்டியிழுக்கும், அடுத்தது மிளகாய்த் திட்டோடு வந்து கண்ணில் தண்ணீர் வரவழைக்கும், அதன்மேல் ஒரு துண்டு கறுத்த தகட்டைக் கடித்தால் கருப்பட்டி வாசனை அடிக்கும். பச்சை டப்பாவிலிருந்து அப்பா ஒருமுறை எனக்கு ஒரு துண்டு கொடுத்தார். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்த துண்டு எப்படியிருக்கும் என்று சாப்பிடாமலே தெரிந்தது.

நாளாக ஆகச் சிவப்பு நிரம்பிக்கொண்டே வந்தது. பச்சையில் அடி தெரிந்தது. கூடை கூடையாக வந்த பழம் கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதையாக ஒரு பிடி தகடாகவும் ஒரு கை உருண்டையாகவும் சுருங்கியது. புதன்கிழமை கொண்டுவருவதாகச் சொன்ன அப்பா வார்டனிடம் இன்னும் ஒரு நாள் கேட்டார். வியாழக்கிழமை போய் இன்னும் ஒரு நாள் கேட்டார். அப்பாவுடைய கண்ணுக்கு மட்டும்தான் இவ்வளவு குறை தெரிகிறது, உலகத்திலேயே பெரிய செக்கர் எங்கள் அப்பாதான் என்று எனக்கு ஒரே கர்வம். வெள்ளிக்கிழமை வார்டனே வாசலுக்கு வந்துவிட்டாள். நாளை சாயங்காலத்துக்குள் வராவிட்டால் பேக்கரியில் பன்னுக்குச் சொல்லிவிடுவதாகவும், அதற்குமேல் தன்னைக் குறை சொல்லக்கூடாது என்றும் சொல்லிவிட்டுப் போனாள். அப்பா தலையாட்டினார். அன்று ராத்திரி ஏஜென்ட் போன் செய்தபோது, சனிக்கிழமை மத்தியானம் ஒரகடம் வருவதாக அவனிடமும் சொன்னார்.

சனிக்கிழமை காலையில் அப்பா பச்சை டப்பாவைத் திறந்து கடைசி முறையாகப் பார்த்தார். அதிலிருந்தும் இரண்டு துண்டை எடுத்துச் சிவப்பில் போட்டார். மீதியை வார்டனுக்கு மட்டும் சாம்பிளாக அனுப்பிவிட்டு, தான் திரும்பிவந்து இன்னும் ஒரு வாரம் கேட்கப்போவதாகச் சொன்னார். அவள் கொடுக்கமாட்டாள் என்று அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். சான்றிதழ் நகல்களை ஒரு கவரில் போட்டுக்கொண்டு, மூன்று மணிக்கு மாமா வந்தால் பச்சை டப்பாவைக் கொடுத்தனுப்பும்படி அம்மாவிடம் சொல்லிவிட்டு, பஸ் ஏற ரோட்டுக்குப் போனார். அந்தக் கவரைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. கொல்லைப்பக்கம் போய் அழுதேன்.

ஷிஃப்ட் முடிந்து வந்து தூங்கின அம்மா, மாமாவின் ஆட்டோ சத்தம் கேட்டு எழுந்தாள். முகம் கழுவினாள். கூந்தலை அள்ளி முடிந்துகொண்டாள். மேடையில் பச்சை டப்பா தயாராக இருந்தது. அம்மா குனிந்து, மேடைக்கு அடியிலிருந்து சிவப்பு டப்பாவை இரண்டு கையாலும் இழுத்து, மாமாவிடம் தூக்கிக் கொடுத்தாள்.

“அம்மா, அது சிவப்பு” என்றேன்.

“சிவப்புதான். எங்க கம்பெனில வெளிய போற மாலு சிவப்புலதான் போவும். பச்சைதான் ரிஜெக்ட்டு.”

மாமா அக்காவின் முகத்தை ஒரு தடவை பார்த்தார். எதற்கெடுத்தாலும் ஒரு கிண்டல் வைத்திருப்பவர், அன்று வாயில் கொழுக்கட்டை வைத்த மாதிரி ஒன்றும் பேசாமல் டப்பாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும் என்ற புது விஷயம் எனக்கு வியப்பாக இருந்தது. ஒருத்தர் ரிஜெக்ட் என்பதை இன்னொருத்தர் ஓகே என்பாரா? இதெல்லாம் எப்படி ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள் என்று பெரியவர்கள்மேல் எனக்கு மரியாதை கூடியது.

அப்பா திரும்பிவந்து செருப்பைக் கழற்றுவதற்குள் பச்சை டப்பாவைப் பார்த்துவிட்டார். குனிந்து மேடைக்கு அடியில் பார்த்தார். அங்கே வெறும் தரை. அம்மா அடுப்பைவிட்டுத் திரும்பாமலே, தூக்கக் கலக்கத்தில் மாற்றிக் கொடுத்துவிட்டதாகவும், தன் கம்பெனியில் சிவப்புதான் வெளியே போகிறது என்ற நினைப்பிலேயே எடுத்துவிட்டதாகவும் சொன்னாள்.

அப்பா மெல்ல நிமிர்ந்தார். கத்துவார் என்று நான் காதைப் பொத்திக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவர் குரல் எழும்பவே இல்லை.

“இத்தினி வருசத்துல என் கையத் தாண்டி ஒரு ரிஜெக்ட்டு வெளிய போனதில்ல.”

சொல்லிவிட்டு, ஒரு காலில் தன் செருப்பும் இன்னொரு காலில் அம்மாவின் செருப்புமாகத் தெருவில் இறங்கி ஓடினார். நான் பின்னாலேயே ஓடினேன். பஜ்ஜிக்கடைக்காரர் என்ன என்று கேட்டதற்குப் பதில் சொல்லக்கூட நிற்கவில்லை. டப்பாவைப் பறித்துக்கொண்டு வந்துவிடலாம் என்று அவர் நினைத்திருப்பார்.

ஹாஸ்டல் படிக்கட்டில் அக்காக்கள் மேலும் கீழுமாக உட்கார்ந்திருந்தார்கள். யாரும் கம்பெனிச் சட்டையைக்கூட மாற்றவில்லை, கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. நடுப்படியில் சிவப்பு டப்பா. ஒரு அக்கா அதற்குள் தலையை விடாத குறையாகக் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். கேழ்வரகு உருண்டையின் உதிரி மட்டும்தான் மிச்சம். அப்பா மூச்சு வாங்க நின்றுகொண்டு, தப்பு நடந்துவிட்டது, அதெல்லாம் தேறாமல் ஒதுக்கிவைத்தது, சரியான சரக்கு வீட்டில் இருக்கிறது என்று தட்டுத்தடுமாறிச் சொன்னார். துழாவிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தாள்.

“இதுல என்ன குறை அண்ணாச்சி? நாள்பூரா லைன்ல ஒண்ணப்போல ஒண்ணையே பாத்துப் பாத்து கண்ணு பூத்துப் போவுது. இது ஒண்ணு புளிக்கி, ஒண்ணு உறைக்கி, ஒண்ணு இனிக்கி. கைய விட்டா எது வரும்னே தெரியல. எல்லாவளும் இதத்தான் கேக்காளுவ.”

மேல்படியில் இருந்தவள், தனக்கு மிளகாய்த் திட்டு இரண்டு வந்தது, பக்கத்தில் இருப்பவளுக்கு ஒன்றுகூட வரவில்லை என்று சிரித்தாள். வராதவள் அதைக் கேட்டுச் சண்டைக்கு வந்தாள். அப்பா அவர்களைப் பார்த்துக்கொண்டே நின்றார். வார்டன் உள்ளேயிருந்து வந்து, திங்கட்கிழமையிலிருந்து தினமும் வேண்டும், ஆனால் இதே மாதிரி இருக்க வேண்டும் என்றாள். இதே மாதிரி என்றால் எந்த மாதிரி என்று அப்பா நிஜமான குழப்பத்தோடு கேட்டார். ஒன்று மாதிரி ஒன்று இல்லாமல் என்றாள் வார்டன். எதையும் அளந்தே பழகின மனிதர், இதை எப்படி அளப்பது என்று தெரியாமல் காலி டப்பாவைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

அப்பா குஜராத் போகவில்லை. ஏஜென்ட் அதற்குப் பிறகும் நாலைந்து தடவை போன் செய்தான். சீசன் முடிந்து கொய்யாவும் நெல்லிக்காயும் வந்தன, அந்த ஹாஸ்டலைப் பார்த்து இன்னும் இரண்டு ஹாஸ்டல்காரர்கள் வந்தார்கள். இன்றைக்குப் படப்பையில் அப்பாவுக்குத் தீனி செய்கிற சின்னக் கூடம் ஒன்று இருக்கிறது, வேலைக்கு எட்டுப் பத்துப் பெண்கள் வருகிறார்கள். கல் வைத்த பழத்தை இன்றைக்கும் முகர்ந்தே பிடித்துவிடுவார். அம்மா அதே கம்பெனியில் லைன் லீடராகி, ராத்திரி ஷிஃப்ட்டை விட்டு வெளியே வந்தாள். எனக்கும் இந்த ரோட்டிலேயேதான் வேலை. எங்கள் கம்பெனிக்குச் சரக்கு அனுப்புகிற மற்றக் கம்பெனிகளுக்குப் போய், அவர்கள் எப்படிச் செக் செய்கிறார்கள் என்று பார்த்துவருகிற உத்தியோகம். அப்பா புத்தி, வேறெங்கே போகும்?

அப்படித்தான் போன வருஷம் ஒருநாள் அம்மாவுடைய கம்பெனிக்கே போக நேர்ந்தது. அதற்குள் இருபது முப்பது கம்பெனிகளைப் பார்த்திருப்பேன். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் சிவப்பு என்றால் ரிஜெக்ட் ஒன்றுதான். ஆனாலும் அம்மாவின் கம்பெனி மட்டும் வேறு மாதிரி என்று நான் உள்ளுக்குள் நம்பிக்கொண்டே இருந்தேன். சின்ன வயதில் அம்மா சொன்னதைப் போய் யார் சந்தேகப்படுவார்கள்? அங்கே லைனின் கடைசியில் சிவப்பு டப்பா இருந்தது. ரிஜெக்ட் தவறி வெளியே போய்விடாதபடி அதற்குப் பூட்டே போட்டிருந்தார்கள். எப்போதிலிருந்து இந்த நிறம் என்று கூட வந்தவரிடம் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, கம்பெனி தொடங்கின நாளிலிருந்தே இதுதான் மேடம் என்றார்.

திரும்பிவரும் வழியெல்லாம் சிரிப்பாக வந்தது. அம்மாவிடம் நான் கேட்கவில்லை. கேட்டால் தூக்கக் கலக்கம் என்றுதான் இன்றைக்கும் சொல்லுவாள். அப்பா அந்த வாரம் முழுக்க மாம்பழத்தில் குறை தேடவில்லை, இப்போது தெரிகிறது. காலமெல்லாம் கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தவரை ஒருநாள் யாரோ கூடாது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதை இன்னொரு தரம் கேட்க அவருக்குத் தெம்பில்லை. வீட்டைவிட்டு வெளியே போகாத பண்டத்தை யாரும் வேண்டாம் என்று சொல்ல முடியாதல்லவா? அம்மா அதைக் கண்டுபிடித்துவிட்டாள். வாயால் சொல்லியிருந்தால் அவர் நொறுங்கிப் போயிருப்பார். அதனால் அரைத் தூக்கத்தில் இருந்தவள்போலக் குனிந்து டப்பாவை இழுத்தாள்.

சரி, அப்பா அதை நம்பினாரா? எத்தனையோ வருஷம் லைனின் கடைசியில் நின்றவருக்கு, எந்தக் கம்பெனியில் என்ன நிறம் என்று தெரியாமலா இருக்கும்?

டப்பா மாறிப்போன அன்று சாயங்காலம் அம்மா ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அப்பா அவளுடைய டிபன் பாக்ஸில் தயிர்சோறு வைத்து, மேலே கிளிமூக்கு மாங்காயை அரிந்து போட்டுக்கொண்டே அம்மாவின் கம்பெனியைத் திட்டினார். ஊரே ஒரு நிறம் வைத்தால் இவர்கள் ஒரு நிறம் வைப்பார்களா, இதெல்லாம் ஒரு கம்பெனியா, இதற்கு ஒரு மேனேஜரா என்று விடாமல் திட்டினார். அம்மா தலையைக் குனிந்துகொண்டு ஆமாங்க, ஆமாங்க என்று எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொண்டாள். அப்பாவின் குரல் இடையில் ஒருதரம் உடைந்தது. பஸ் ஹாரன் கேட்டும் அம்மா உடனே நகரவில்லை. பெரிய சண்டை என்று நினைத்து, அடித்துக்கொள்ளப் போகிறார்களே என்ற பயத்தில் நான் ஓடிப்போய் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றுகொண்டேன்.